அழித்தாகிவிட்டது என்று சொன்ன பிறகு

விஜயஸ்ரீக்கு எதைக் கண்டாலும் குமட்டும் என்று அவள் வேலை பார்த்த ஸ்டுடியோவில் ஒரு பேச்சு உண்டு. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. வண்ணார்பேட்டையில், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிற இடம் அது. எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆமவடை தின்ற விரலோடு மவுஸைப் பிடிப்பார்கள். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் நகமும் முடியும் மிக்சரும் உதிரும். விஜயஸ்ரீ காலையில் வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு துணியும் ஸ்பிரிட் பாட்டிலும் எடுத்துத் தன் மேசையைத் துடைத்த பிறகுதான் உட்காருவாள். கடை டீயைக் கண்ணாடி கிளாசில் குடிக்கமாட்டாள். "யக்கா வந்தாச்சு, எல்லாரும் கைய நீட்டுங்கலே, ஊசி போடுவா" என்று பையன்கள் கேலி செய்வார்கள். அவள் கண்டுகொள்ளமாட்டாள்.

பெருமாள்புரத்தில் சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண். எம்.சி.ஏ. படித்துச் சென்னையில் சில வருஷம் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் நடராஜைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள். ஸ்டுடியோ முதலாளி தாணுமாலையன் அவளைச் சேர்த்துக்கொண்டது எடிட்டிங்குக்காக அல்ல. அறை மூலையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. எடுத்த கல்யாண வீடியோக்கள் எல்லாம் அதில்தான் கிடந்தன. அதைக் கட்டி மேய்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. லினக்ஸ் போட்ட இயந்திரம். படம் இருக்கும், கிளிக் செய்யலாம் என்றெல்லாம் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால்தான் வேலை நடக்கும்.

அவள் சேர்ந்த வருஷத்திலேயே ஒரு கல்யாணம் காணாமல் போயிற்று.

பெருமாள்ராஜ் என்கிற எடிட்டர், கைதேர்ந்தவர்தான். வேலை முடிந்த ஒரு போல்டரை அழிப்பதற்காக 'ஆர்எம்' என்ற கட்டளையைத் தட்டியிருக்கிறார். போல்டரின் பெயருக்கும் அதற்கடுத்த நட்சத்திரக் குறிக்கும் நடுவில் கட்டைவிரல் பட்டு ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. தனியாக நின்ற நட்சத்திரத்துக்கு 'இங்கே இருப்பதெல்லாம்' என்று அர்த்தம். ஆர்எம் கேள்வி கேட்காது. 'நிச்சயமாகவா?' என்று ஒரு வார்த்தை வராது. அந்தப் போல்டரோடு, பக்கத்தில் இருந்த அத்தனையும் போயிற்று. அதில் நாங்குநேரியில் நடந்த ஒரு கல்யாணமும் ஒன்று. வேறு பிரதி கிடையாது.

பெண்ணின் அப்பா வீடியோ வாங்க வந்தார். தாணுமாலையன் அவரை உட்காரவைத்து, காபி வரவழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கேமரா கார்டுல பழுது அண்ணாச்சி. கம்பெனிக்காரன் நம்மள ஏமாத்திட்டான். கோர்ட்டுக்குப் போகலாமான்னு பாக்கேன்."

அந்த மனுஷர் நம்பினார். நம்பியது மட்டுமில்லை, "விடுங்க, ஒங்களுக்கும் நட்டந்தான. என்ன செய்ய?" என்று இவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து போனார். விஜயஸ்ரீ கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அந்த ஆள் குடித்துவிட்டு வைத்த காபிக் கிளாஸை எடுத்து ஓரமாக வைத்த முதலாளி, அவள் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். எச்சில் ஊறியது அவளுக்கு, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அப்படி.

"இனிமே இது நடக்கப்பிடாது அண்ணாச்சி. நான் ஒரு வழி செய்யுதேன்" என்றாள்.

அவள் செய்த வழி சுலபமானது. ஆர்எம் என்று தட்டினால் எதுவும் அழியாமல், 'இது வேண்டாம், டிராஷ் போடுங்க' என்று திரையில் ஒரு வரி வரும்படி வைத்தாள். டிராஷ் கட்டளை கோப்பைக் கொல்லாது. குப்பைத்தொட்டி மாதிரி ஒரு போல்டருக்குள் தூக்கிப் போடும். எந்த இடத்திலிருந்து வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு குறிப்பும் சேர்த்து வைக்கும். கைதவறிப் போட்டிருந்தால், திரும்ப எடுக்கிற கட்டளையைத் தட்டலாம். கிடந்த இடத்திலேயே போய் மறுபடி உட்கார்ந்துகொள்ளும். ஒரு மாதம் ஆனவை தானாகக் காலியாகும்படியும் ஏற்பாடு செய்தாள். பெருமாள்ராஜ் முதலில் முறைத்தார். "எனக்குப் பாடம் எடுக்கியா?" என்றார். பிறகு ஒருநாள் ஒரு ரிசப்ஷனையே தவறிப் போய்த் தூக்கிப் போட்டுவிட்டு, வெளிறிப்போய் வந்து நின்றார். விஜயஸ்ரீ ஒரு வரி தட்டினாள். திரும்ப வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தாயி, நீ நல்லா இருப்ப" என்றார்.

முதலாளிக்கும் சந்தோஷம். சந்தோஷத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். "மாசாமாசம் எதுக்குக் காலி பண்ணுத? இடந்தான் நெறைய வாங்கிப் போட்டாச்சுல்லா. கெடந்துட்டுப் போகுது சவம்" என்று தானாகக் காலியாகிற ஏற்பாட்டை நிறுத்தச் சொன்னார். அவள் வாதாடிப் பார்த்தாள். பிறகு நிறுத்தினாள்.

குமரவேல் அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தான். முதலாளியின் அக்கா மகன். கேமராவும் எடுப்பான், எடிட்டிங்கும் செய்வான். சிரித்த முகம். விஜயஸ்ரீ கிளாசில் குடிக்கமாட்டாள் என்று தெரிந்ததும், அவளுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, தானே கழுவி, தானே டீ ஊற்றிக் கொண்டுவந்து வைப்பான். "யக்கா, நான் சோப்பு போட்டுக் கழுவினேன், நம்பிக் குடிங்க" என்பான். டிராஷ் வேலையை ஒரே நாளில் கற்றுக்கொண்டதும் அவன்தான். அடிக்கடி கறுப்புத் திரையில் குப்பைப் பட்டியலை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"அங்கன என்னலே தேடுத?" என்று ஒருமுறை கேட்டாள்.

"சும்மாக்கா. யாராவது முக்கியமானதத் தூக்கிப் போட்டிருந்தா? அதான் பாக்கேன்."

பொறுப்பான பையன் என்று நினைத்துக்கொண்டாள். எல்லோரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில்தான் அந்த இயந்திரத்துக்குள் போவார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே குப்பைதான். அது ஒரு குறை என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

ரீபா ஒரு மத்தியானம் தனியாக வந்தாள். திசையன்விளைப் பெண், கூடங்குளம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஜோடியாக எடுத்துக்கொள்ளும் வீடியோவை, உவரிக் கடற்கரையில் வைத்து இந்த ஸ்டுடியோதான் எடுத்திருந்தது. கேமரா குமரவேல். அதற்குப் பிறகு, மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் ஏற்கனவே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்து கல்யாணம் நின்றுபோயிற்று.

"எல்லாத்தையும் அழிச்சிருங்கக்கா. ஒரு போட்டோகூட எனக்கு வேண்டாம்" என்றாள் ரீபா. "என் கண்ணு முன்னால அழிங்க."

விஜயஸ்ரீ அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, டிராஷ் கட்டளையைத் தட்டினாள். பிறகு அந்த இடத்தைத் திறந்து காட்டினாள். ஒன்றும் இல்லை.

"அழிஞ்சிருச்சா?"

"அழிஞ்சிருச்சு."

"வேற எங்கனயும் இல்லல்லா?"

"இல்ல" என்றாள் விஜயஸ்ரீ.

குப்பையைச் சாயங்காலம் காலி செய்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். சாயங்காலம் ஒரு மண்டபத்திலிருந்து அவசர வேலை வந்தது. அடுத்த நாள் ஞாபகத்தில் இல்லை. அதற்கடுத்து எப்போதுமே ஞாபகம் வரவில்லை.

சில மாதம் கழித்து ரீபாவிடமிருந்து போன் வந்தது.

"நீங்க அழிச்சுட்டேன்னு சொன்னது என் போனுக்கு வந்திருக்குக்கா. எங்க ஆஸ்பத்திரில ஆளாளுக்குப் பாக்காங்க."

ரீபா அனுப்பிய வீடியோவை விஜயஸ்ரீ பார்த்தாள். நடித்துக் காட்டிய காட்சி எதுவும் அதில் இல்லை. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில், கேமரா அணைந்துவிட்டது என்று நினைத்து, கரையில் ஏற்றியிருந்த படகு ஒன்றின் மறைவில் ரீபா உடையைச் சரிசெய்துகொள்கிறாள். காற்று விடவில்லை. பிடிக்கப் பிடிக்கப் பறக்கிறது. அதன்மேல் யாரோ ஒரு பாட்டையும், கூட்டமாகச் சிரிக்கிற சத்தத்தையும் ஒட்டியிருந்தார்கள்.

விஜயஸ்ரீ எழுந்து இயந்திரத்துக்கு முன் போய் உட்கார்ந்தாள். அவள் தூக்கிப் போட்ட ரீபாவின் போல்டர் குப்பையில் இல்லை. பழைய இடத்திலேயே, பழைய பெயரோடு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது. யாரோ திரும்ப எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் 'சிரிப்பு' என்று ஒரு புதுப் போல்டர்.

திறந்தாள். அத்தனையும் பெண்கள். அலங்கார அறையில் தனியாக உட்கார்ந்து மூக்கைச் சிந்தி அழும் மணப்பெண். சுவர்ப்பக்கம் திரும்பிப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் ஒரு சித்தி. பந்தியில் இலையோடு வழுக்கி விழுந்து, சேலை விலகிக் கிடக்கும் ஒரு மாமியார். எல்லாம் எடிட்டிங்கில் வெட்டி, வேண்டாம் என்று குப்பையில் போட்டவை. ஒவ்வொன்றின் மீதும் பாட்டும் சிரிப்பும். நாலைந்துக்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை. கழிவறைக்கு ஓடினாள். காலையில் சாப்பிட்ட இட்லி எல்லாம் வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பார்த்தபோது, மேசைமேல் எவர்சில்வர் டம்ளரில் டீ இருந்தது. பக்கத்தில் குமரவேல் நின்றுகொண்டிருந்தான்.

"என்னக்கா, வயிறு சரியில்லையா?"

"ஏலே, இது என்ன?" என்று திரையைக் காட்டினாள்.

அவன் முகம் ஒரு நொடிதான் மாறியது. பிறகு சிரித்தான். "ஐயோ, அதுவா? வெளையாட்டுக்குக்கா. நம்ம கேமராக்காரப் பயலுவ குரூப்பு ஒன்னு இருக்கு. அங்கன போடுவோம். பேரு போட்டோமா, ஊரு போட்டோமா?"

"அந்தப் புள்ள எங்கிட்ட அழிக்கச் சொல்லிட்டுப் போச்சுலே."

"குப்பையில கெடந்ததுதானக்கா. குப்பையில போட்டத எவன் எடுத்தா என்ன?"

அவன் கையைத்தான் அவள் பார்த்தாள். நகம் வெட்டிய, சுத்தமான கை. அந்தக் கை கழுவிய டம்ளரில் இத்தனை நாள் குடித்திருக்கிறோம் என்று நினைத்ததும் உதடே கூசியது. டீயை எடுத்துப் போய் அப்படியே வாஷ்பேசினில் கொட்டினாள். டம்ளரைக் குப்பைக்கூடையில் போட்டாள். அவன் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

தாணுமாலையனுக்கு விஷயம் போயிற்று. அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அக்கா மகனைத் திட்டினார்: "அறிவிருக்காலே ஒனக்கு? கடை பேரு என்னாவும்?" அவ்வளவுதான். அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு விஜயஸ்ரீ பக்கம் திரும்பினார்.

"எம்மா, எல்லாத்தையும் அழிச்சிரு. குப்பைக்குப் போவக் கூடாது. அந்தப் பழைய கட்டளை, ஆர்எம்மோ என்னமோ, அதப் போட்டுத் திரும்ப வராதபடிக்கு அழி. நடந்தது நம்ம நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும்."

அழித்துவிட வேண்டும் என்றுதான் அவள் விரல்களும் துடித்தன. 'சிரிப்பு' என்ற அந்தப் பெயரைக்கூடத் திரையில் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வரிதான். தட்டினால் முடிந்தது. ஆனால் கண்ணடித்த அந்தப் பழைய முகத்தை மறுபடி பார்த்தாள். இவர் அழிக்கச் சொல்வது தடயத்தை என்று புரிந்தது. போனை எடுத்து ரீபாவைக் கூப்பிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் கேட்கும்படியே பேசினாள்.

"ரீபா, ஒங்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன். அன்னைக்கு நான் அழிக்கல. குப்பையில போட்டுட்டு அழிச்சேன்னு சொல்லிட்டேன். அங்க இருந்துதான் எடுத்திருக்கான். எடுத்த ஆளு எங்க கேமராமேன். இப்ப என் முன்னால எல்லாம் இருக்கு. மொதலாளி அழிக்கச் சொல்லுதாரு. நீ சொல்லு, என்ன செய்ய?"

"அழிக்காதீங்க" என்றாள் ரீபா. "நான் வாரேன். போலீசக் கூட்டிட்டு வாரேன். நீங்க பொய் சொன்னத அப்புறம் பேசிக்கிடுவோம்."

அதற்குள் குமரவேல் இன்னொரு மேசைக்குப் போய், அங்கிருந்து அதே இயந்திரத்துக்குள் நுழையக் கீபோர்டைத் தட்ட ஆரம்பித்திருந்தான். விஜயஸ்ரீ கடவுச்சொல்லை மாற்றினாள். இயந்திரத்துக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாணுமாலையன் முதலில் கெஞ்சினார். பிறகு கத்தினார். "என் கடை, என் மெஷினு, எந்திரி நீ" என்றார். நடராஜுக்குப் போன் போட்டு, "ஒம்ம வீட்டம்மாவக் கொஞ்சம் கண்டிச்சு வையும்வே" என்றார். நடராஜ் அவளைக் கூப்பிட்டு, "நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று கேட்டான். அவள் தன் போனில் இருந்த ரீபாவின் வீடியோவைப் பற்றிச் சொன்னாள், அனுப்பவில்லை, சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்து, "சரி, அங்கனயே இரு. நான் வாரேன்" என்றான். வந்து, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெருமாள்ராஜும் எழுந்து வந்து இந்தப் பக்கம் நின்றார்.

பொழுது சாய்வதற்குள் ரீபா சைபர் பிரிவுப் போலீசோடு வந்தாள். இயந்திரத்தின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு முத்திரை வைத்தார்கள். குமரவேலின் போனை வாங்கிக்கொண்டார்கள். ஜீப்பில் ஏறும்போதுதான் அவன் முகத்தில் சிரிப்பு போயிற்று. ரீபா விஜயஸ்ரீயைப் பார்த்தாள். திட்டவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. "எங்கிட்ட கேட்டீங்களே, அது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

விஜயஸ்ரீ உடனே வேலையை விட்டுவிடவில்லை. அவளுக்கு அங்கே இன்னும் செய்ய வேண்டியது இருந்தது. புது டிஸ்க் போட்டதும் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல் என்று பிரித்தாள். ஒருவர் குப்பை இன்னொருவர் கண்ணில் படாது. மாதத்துக்கொருமுறை குப்பை தானாகக் காலியாவதை மறுபடி கொண்டுவந்தாள். "கை தவறினதுக்குத்தான் குப்பத்தொட்டி. வந்து கேட்டு அழிக்கச் சொன்னா, அன்னைக்கே, முழுசா அழிக்கணும். அழிக்காம அழிச்சேன்னு சொல்லப்பிடாது" என்று எடிட்டர்களிடம் சொன்னாள். போலீசுக்குப் பயந்து தாணுமாலையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பையன்கள் இப்போது அவளைக் கேலி செய்வதில்லை. பேசுவதுமில்லை. அவள் அறைக்குள் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். அந்தக் குரூப்பில் இவர்களில் எத்தனை பேர் இருந்தார்களோ என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த அறையின் காற்றே நாறியது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போகிற அழுக்கு இல்லை அது.

குமரவேல் ஜாமீனில் வந்தான். வழக்கு தள்ளித் தள்ளிப் போனது. ஒருநாள் தாணுமாலையன் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்தார்.

"நம்ம குமரனுக்குக் கல்யாணம். பொண்ணு அம்பாசமுத்திரம் பக்கம். நடந்தது நடந்துபோச்சு, பையன் திருந்திட்டான். ஜோடியா மணிமுத்தாறுல எடுத்தது மெஷின்ல ஏத்தியிருக்கு. ஒழுங்கா இருக்கான்னு நீயே ஒரு பார்வ பாத்திரு."

அவள் பார்த்தாள். அருவிக்குப் பக்கம் எடுத்தது. மாப்பிள்ளையே கேமராக்காரனுக்கு யோசனை சொல்கிறான், கிசுகிசுக்கிற குரல் கேட்கிறது. "கட் சொல்லிட்டு ஓடவிடுலே. அணைக்காத." அவர்கள் 'கட்' என்றதை நம்பி அந்தப் பெண் நனைந்த முந்தானையைப் பிழிகிறாள், தலையைத் துவட்டுகிறாள். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. அவன் சிரிக்கிறான். அதே சிரிப்பு.

பத்திரிகையில் பெண் வீட்டு நம்பர் இருந்தது. விஜயஸ்ரீ வெளியே படிக்கட்டுக்குப் போய்க் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணே எடுத்தாள். பெயர் அனுராதா. விஜயஸ்ரீ தான் யார் என்று சொன்னாள், நடந்ததை எல்லாம் சொன்னாள், வழக்கைச் சொன்னாள்.

"தெரியும்க்கா" என்றாள் அனுராதா. "மறைக்கலியே. சொல்லித்தான் பேசி முடிச்சாங்க. ஆம்பளப் பிள்ள ஏதோ வெளையாட்டுக்குச் செஞ்சது, அந்தப் பொண்ணுதான் பெருசாக்கிட்டான்னு எங்க வீட்ல சொல்லுதாங்க. நாள் குறிச்சாச்சு."

விஜயஸ்ரீ மணிமுத்தாற்றில் எடுத்ததைப் பற்றி மெதுவாகச் சொன்னாள்.

அந்தப் பக்கம் வீட்டுக்குள் யாரோ கூப்பிடுகிற சத்தம். அனுராதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அத அழிச்சிருவீங்களாக்கா?"

"நீ வேணும்னா எடுத்துத் தாரேன். போலீசுக்கோ, ஒங்கப்பாகிட்டயோ காட்டலாம்."

"வேண்டாம். அழிச்சிருங்க. திரும்ப வரப்பிடாது."

"சரி" என்றாள் விஜயஸ்ரீ. அழித்தாள். அதை எடுத்த கேமராக்காரனின் மேசைக்குப் போய்க் கார்டை வாங்கி அதையும் அழித்தாள். பிறகு தாணுமாலையனிடம் போய், அந்தப் பெண் கேட்டதால் அழித்துவிட்டதாகச் சொல்லி, சாவியையும் கடவுச்சொல் எழுதிய தாளையும் மேசைமேல் வைத்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

இப்போது அவள் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். ரீபா வழக்கை விடவில்லை. வாய்தா இருக்கும் நாளில் திருநெல்வேலி கோர்ட்டுக்கு வருவாள். சாட்சி சொல்ல விஜயஸ்ரீயும் போவாள். இருவரும் மரத்தடியில் நின்று டீ குடிப்பார்கள், பேப்பர் கப்பில். பழைய பொய்யைப் பற்றி ரீபா இன்னும் பேசவில்லை. பேசும் நாளுக்கு விஜயஸ்ரீ காத்திருக்கிறாள்.

அனுராதாவின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கம் பெரிய பேனர் வைத்திருந்தார்கள், அருவி முன்னால் ஜோடியாக. விஜயஸ்ரீ பஸ்ஸில் போகும்போது அதைக் கடக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த முகம் கண்ணில் பட்டதும் ஜன்னல் கம்பியை விட்டுக் கையை எடுத்து மடியில் துடைத்துக்கொண்டாள்.